பூட்டும் அரமும்

சத்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் குடியிருப்பவனுக்குப் பூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். சத்திரம் என்றால் என்ன? முன்பின் அறியாத நாலு பேர் ஒரே கூரையின் கீழ் ராத்திரிப் பொழுதைக் கழிக்கிற இடம். மடியில் பணம் இருக்கிறவனுக்கு அங்கே தூக்கம் வருவது பெட்டியில் தொங்கும் பூட்டின் தயவால்தான். எங்கள் ரெட்டியார்சத்திரம் பழனிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தை இன்றைக்கும் இந்தச் சாலையில் பார்க்கலாம். எதிர்த் திசையில் பஸ் ஏறினால் திண்டுக்கல் வந்துவிடும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்.

அந்தப் பூட்டின் ஜாதிகளைச் சொல்லி மாளாது. மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு. சாவியைத் திருப்பினால் கணகணவென்று சத்தம் போடுவதால் மணிப்பூட்டு. சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, மேஜை இழுப்பறைப் பூட்டு என்று ஐம்பதுக்கு மேல் கணக்குச் சொல்வார்கள். எங்கள் பாட்டி நெல் அறைக்குப் போட்டிருந்த மாங்காய்ப் பூட்டின் சாவி, என் உள்ளங்கையைவிட நீளம். அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நடக்கிறபோது வீட்டின் ராஜ்யபாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இவ்வளவு கீர்த்தியுள்ள சரக்கு ஏன் நொடித்தது? அலிகார் பூட்டு மலிவு, அது யந்திரத்தில் செய்வது, கைவேலை யந்திரத்துக்கு முன் நிற்காது என்று ஒரு மூச்சில் பதில் சொல்லிவிடுகிறார்கள். பாதி நிஜம். மீதிப் பாதி பூட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நல்ல பூட்டுக்குள் 'லீவர்' என்று சொல்லும் மெல்லிய தகடுகள் நாலோ ஐந்தோ அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் அளவுக்குத் தூக்க வேண்டும். எல்லா வெட்டுக்களும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று நூலளவு கூடினாலும் குறைந்தாலும் நகராது. இந்த நூலளவைக் கொண்டுவருவதற்குப் பட்டறையில் இருந்த கருவி அரம். சாவிக்குத் தக்கபடி தகட்டை அராவுவது, தகட்டுக்குத் தக்கபடி சாவியை அராவுவது, போட்டுப் பார்ப்பது, பிடித்தால் கழற்றி மறுபடி அராவுவது. இப்படிப் பிறந்த பூட்டின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று புருஷன் பெண்சாதி மாதிரி. வேறு வீட்டில் வாழ்க்கைப்படாது.

இதே சங்கடத்தில் லண்டன் மாநகரில் ஒருவர் இருநூறு வருஷங்களுக்கு முன்பே மாட்டிக்கொண்டார். ஜோசப் பிராமா என்று பேர். யார்க்‌ஷயர் குடியானவர் மகன்; தச்சு வேலை பழகியவர். 1784ல் ஒரு புதிய பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய் போன்ற சின்னச் சாவி. அதன் நுனியில் ஆழம் மாறி மாறி வெட்டிய காடிகள். கள்ளச்சாவிக்காரனால் ஒன்றும் செய்ய முடியாத யோசனை. ஆனால் யோசனை இருந்து என்ன? அந்த நுட்பத்தைக் கையால் கொண்டுவர ஆளும் நாளும் கூலியும் ஏகமாகச் செலவாயின. அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்?

அப்போது ஹென்றி மாட்ஸ்லே என்கிற பதினெட்டு வயசுப் பையன் பிராமாவிடம் வேலைக்கு வந்தான். அவன் பூட்டைப் பார்த்த பார்வையே வேறு. இந்தப் பூட்டை நன்றாகச் செய்வது எப்படி என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பூட்டைச் செய்கிற கருவியைச் செய்வது எப்படி என்று அவன் யோசித்தான். காடி வெட்ட ஒரு யந்திரம், சுருள்வில் சுற்ற ஒரு யந்திரம் என்று வரிசையாகக் கட்டினான். அவற்றில் சில இன்றும் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கின்றன. எட்டு வருஷம் பொறுத்து, 1797ல், வாரம் முப்பது ஷில்லிங் கூலியைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார் மாட்ஸ்லே. இதற்குள் குடும்பஸ்தராகிவிட்டார், 'ர்' போட்டாக வேண்டும். பிராமா முடியாது என்றார். மாட்ஸ்லே வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தார்; பிற்காலத்து யந்திர நிபுணர்களில் பலர் அந்தப் பட்டறையில்தான் தொழில் கற்றார்கள். கூலி விஷயத்தில் கையை இறுக்கிக்கொள்ளும் முதலாளிகளுக்குச் சரித்திரத்தில் இதுபோல எத்தனையோ உதாரணம் உண்டு, யார் படிக்கிறார்கள்?

பிராமா தம் பூட்டு ஒன்றைக் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, இதைச் சாவியில்லாமல் திறக்கும் கருவி செய்கிறவருக்கு 200 கினி இனாம் என்று எழுதி வைத்தார். அது திறக்கப்படாமலே அறுபது வருஷம் தொங்கியது. 1851ல், பளிங்கு மாளிகைப் பொருட்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் அதனோடு மல்லாடித் திறந்துவிட்டார்! அதற்கு முன்பே, யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் கம்பெனிப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்திருந்தார். லண்டன் பத்திரிகைகள் அல்லோலகல்லோலப்பட்டன. திறந்ததைவிட அவர் பிறகு செய்ததுதான் நமக்கு முக்கியம். லண்டனிலேயே கம்பெனி வைத்து, யந்திரங்களைக் கொண்டு பூட்டுச் செய்ய ஆரம்பித்தார். கையால் அராவுகிற ஆங்கிலப் பூட்டுக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது இதுதான்.

அமெரிக்கருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றால், துப்பாக்கியிலிருந்து. 1785ல் பாரிஸில் தூதராக இருந்த ஜெபர்ஸன், ஹானரே பிளாங்க் என்பவரின் பட்டறைக்குப் போனார். துப்பாக்கியின் சுடுவிசைப் பகுதி — ஆங்கிலத்தில் அதற்கும் 'லாக்' என்றே பெயர் — ஐம்பதைக் கழற்றி, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் போட்டிருந்தது. ஜெபர்ஸன் கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார். பொருந்தியது. இன்னொன்று, அதுவும் பொருந்தியது. அரமே வேண்டியிருக்கவில்லை. எதை எடுத்தாலும் எதனோடும் சேரும். இதை அவர் ஊருக்கு எழுதினார். பிரான்சில் இந்த முறை நிலைக்கவில்லை. அமெரிக்க ஆயுதச் சாலைகளில் வளர்ந்தது.

ஆனால் துப்பாக்கி வேறு, பூட்டு வேறு. ஐம்பது துப்பாக்கியும் ஒன்றாக இருந்தால் சேனாதிபதிக்குக் கொண்டாட்டம். ஐம்பது பூட்டும் ஒன்றாக இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். ஒரே மாதிரி இருந்தால்தான் சுலபமாகச் செய்யலாம். வேறு வேறாக இருந்தால்தான் பூட்டு. இந்த முடிச்சை அவிழ்த்தவர் லைனஸ் யேல் என்கிற இன்னொரு அமெரிக்கர். 1860களில் அவர் காப்புரிமை பெற்ற பூட்டில் கூடு ஒன்று, உருளை ஒன்று, வில் ஒன்று. எல்லாப் பூட்டுக்கும் ஒரே அச்சு. வித்தியாசம் அத்தனையையும் சின்னஞ்சிறு ஊசிகளின் நீளத்தில் ஒதுக்கிவிட்டார். சாவி தட்டையான துண்டுத் தகடு. ஐந்து ஊசி, ஊசிக்குப் பத்து நீளம் என்று வைத்தால் கணக்குப்படி லட்சம் விதம். எல்லாம் உபயோகப்படாது, பாதி தள்ளினாலும் ஐம்பதாயிரம்! பூட்டைக் கோக்கிறவன் சாவியைப் பார்த்து ஊசியைப் பொறுக்கிப் போட்டால் போதும். இத்தனைக்கும் ஊசித் தாழ்ப்பாள் பழைய எகிப்தியர்கள் மரத்தில் செய்துவைத்திருந்த சமாசாரம். யேல் செய்ததெல்லாம் எது ஒன்றாக இருக்க வேண்டும், எது வேறாக இருக்க வேண்டும் என்று கோடு கிழித்ததுதான். 1868ல் புதுத் தொழிற்சாலைக்கு ஏற்பாடு செய்தார். அதே வருஷம் இறந்தும் போனார்.

நம் தேசத்திலும் இப்படி யோசித்தவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1897ல் பம்பாயில் பூட்டுச் செய்யக் கிளம்பிய ஆர்தேஷிர் கோத்ரெஜ். லீவர்ப் பூட்டில் சீக்கிரம் கெடுவது வில். துருப்பிடிக்கும், தளரும், ஒடியும். இன்னும் நல்ல வில்லைத் தேடுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் வில்லே இல்லாத பூட்டைச் செய்து காப்புரிமை வாங்கினார். இல்லாத உறுப்பு ஒடியாது. அதைச் செய்யவும் கோக்கவும் கூலி கிடையாது. இதைவிடப் பெரிய சிக்கனம் ஏது? வக்கீல் மூளை, எதிர்க்கட்சிச் சாட்சியையே கூண்டிலிருந்து இறக்கிவிட்டது!

திண்டுக்கல்லில் சாமர்த்தியம் குறைவா? இல்லவே இல்லை. கோயிலுக்கும் கிட்டங்கிக்கும் அங்கே செய்த பூட்டுக்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே மூளையெல்லாம் திருடனை ஏமாற்றுவதற்குச் செலவாயிற்று. செய்கிறவனுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று எந்தப் பூட்டையும் யாரும் கற்பனை பண்ணவில்லை. வேலை கடினமாக இருப்பதே வேலைக்குக் கௌரவம் என்றிருந்தது. 1957ல் பூட்டுத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல காரியம். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் நல்ல காரியம். வேறு ஊர்க்காரன் திண்டுக்கல் பேரைப் போட்டு விற்க முடியாது. ஆனால் ஒரு பூட்டுச் செய்ய எத்தனை நாள் ஆகிறதோ அதில் இந்தப் பத்திரத்தால் ஒரு நாழிகைகூடக் குறையாது.

நாகல்நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்தேன். பெரியவருக்கு எழுபது இருக்கும். கட்டைவிரல் நகம் அரத்தோடு சேர்ந்து தேய்ந்திருந்தது. ஒரே அளவில் இரண்டு மாங்காய்ப் பூட்டுக்களைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். இதன் தகட்டை அதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

"உக்காராது தம்பி. ஒண்ணொண்ணும் தனிப் பிறவி. நான் செஞ்ச பூட்டுச் சாவி, நான் செஞ்ச இன்னொரு பூட்டைத் தொறக்காது. மெஷின் பூட்டு அப்படியா? நாலு லீவரு, அஞ்சு படி. பெருக்கிப் பாருங்க."

பெருக்கிப் பார்த்தேன். 625. அதற்கு மேல் போனால் ஒரு சாவிக்கு இரண்டு பூட்டு. அரம் பிடித்த கைக்கோ படிக் கணக்கே கிடையாது. இரண்டு படிக்கு நடுவிலும் அது நிற்கும். யேல் ஊசியில் ஒதுக்கிய வித்தியாசத்தை இவர் கண்ணாலும் விரலாலும் சம்பாதிக்கிறார். இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"சரிங்க ஐயா, சாவி தொலைஞ்சா?"

"எங்கிட்டதான் வரணும்."

"நீங்க இல்லேன்னா?"

அவர் பதில் சொல்லாமல் கொண்டியை எடுத்துத் துடைத்தார். மகன் பட்டறைக்கு வருவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

இந்தக் கூட்டில் ஆணி அடிக்கப் போடுகிற துளைகளை ஒவ்வொரு தடவையும் அளந்து குறிக்கிறீர்களே, துளைகள் போட்ட ஒரு கனத்த எஃகுத் தகட்டை மேலே வைத்துத் துளைத்தால் எல்லாக் கூட்டிலும் துளை ஒரே இடத்தில் விழுமே, கொண்டியையும் ஒரே அச்சில் வளைக்கலாமே என்று, எனக்குத் தெரிந்த மாட்ஸ்லே வித்தையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். கதை எழுதுகிறவன் பூட்டுக்காரருக்குப் பாடம் சொல்கிற அபத்தத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டு கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தொளைக்கு வச்சுக்கலாம் தம்பி. கொண்டிக்கும் வச்சுக்கலாம். நாள் மிச்சந்தான்" என்றார். பிறகு லீவர்த் தகடுகளை மட்டும் என் பக்கத்திலிருந்து தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இதுல மட்டும் கை வைக்கப்படாது."