பேறுகாலச் சொற்களும் பேற்றிடமும்: ஐதராபாத் நகர வரலாறு தரும் சான்று

1. முன்னுரை

மகப்பேறு உடல்சார்ந்த நிகழ்வாயினும், அது எவ்விடத்தில் நிகழவேண்டும், அப்போது யார் உடனிருக்க வேண்டும் என்பவற்றை வரையறுப்பது சமுதாயமே. அவ்வரையறை மாறும்போது சொற்களும் மாறுகின்றன. தெலுங்கும் தக்கினி உருதுவும் அருகருகே வழங்கும் ஐதராபாத் நகரில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், மொழிபெயர்ப்பாளர்க்கு அது எழுப்பும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்குத் தமிழ் வழக்குகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. இல்லமே பேற்றிடம்

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவானது. தமிழில் 'பிறந்தகம்' என வழங்குவது தெலுங்கில் 'புட்டில்லு' ஆகும். இரண்டிலும் பிறத்தற்பொருளும் இல்லப்பொருளும் இணைந்துள்ளன. பேறு பார்ப்பவள் தமிழில் 'மருத்துவச்சி', தெலுங்கில் 'மந்த்ரசானி', உருதுவில் 'தாயி'. தெலுங்கில் 'புருடு' என்னும் சொல் மகப்பேற்றையும் அதனையொட்டிய தீட்டையும் சேர்த்தே குறிக்கும். தமிழில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தமிழில் பிரசவம் 'பார்க்கப்படுகிறது'. தெலுங்கில் புருடு 'ஊற்றப்படுகிறது'. உருதுவில் பிள்ளை பெற்று ஓய்விலிருப்பவள் 'ஸச்சா' எனவும், தெலுங்கில் 'பாலிந்த' எனவும் குறிக்கப்படுகிறாள். தமிழ்ப் பேச்சுவழக்கிலோ 'பச்சை உடம்புக்காரி' என்னும் தொகைச்சொல்லே அந்நிலையைச் சுட்டுகிறது.

உருதுவின் 'ஸச்சா கானா' என்னும் தொடர் வீட்டினுள் பேற்றிற்கென ஒதுக்கப்பட்ட அறையைக் குறித்தது. பேற்று மருத்துவமனையையும் அதுவே குறிக்கலாயிற்று. இடம் மாறியபோதும் சொல் மாறாது நின்றமைக்கு இது தக்க சான்றாகும்.

3. திரையும் மருத்துவமனையும்

ஐதராபாத்தில் 1846இல் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளியில் மேலைமருத்துவம் உருது வாயிலாகக் கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி 1889இல் பெற்ற பட்டத்தின் பெயர் 'ஹக்கீம்' என்பதாகும். யுனானி மருத்துவரைக் குறித்துவந்த சொல் மேலைமருத்துவப் பட்டத்திற்கும் ஆகிவந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் 1847இல் பேற்றுவலி தணிக்கக் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார். அம்மருந்தின் பாதுகாப்பை ஆராய எட்வர்டு லாரியின் முயற்சியால் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஐதராபாத்தில் இரு குழுக்கள் அமைந்தன. ரூபா பாய் மயக்க மருந்து வல்லுநராகப் பணியாற்றியது இச்சூழலிலேயே ஆகும்.

கோஷா முறையைப் பேணிய குடும்பங்கள் பெண்களை ஆண் மருத்துவரிடம் அனுப்பத் தயங்கின. எனவே மருத்துவமனையின் பெயரே உறுதிமொழியாக அமையவேண்டியதாயிற்று. 1906இல் ஐதராபாத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா ஜனானா மருத்துவமனையின் பெயரிலுள்ள 'ஜனானா' பெண்டிர்க்குரிய பகுதி என்னும் பொருளது. சென்னையில் 1885இல் தோன்றிய மருத்துவமனை பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்றபின்னும் மக்கள் வழக்கில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்குகிறது. மூலை, ஒதுக்கிடம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் தமிழர் நாவில் மருத்துவமனைப் பெயராக நிலைத்தது.

மருத்துவமனை மிகுதல் மட்டும் உயிர்காக்கப் போதாது. அது எளியவர்க்கும் எட்டவேண்டும். இளவரசி நிலோஃபரின் பணிப்பெண் ஒருவர் 1949இல் பேற்றின்போது இறந்தார். அவ்விழப்பின் விளைவாக எழுந்த நிலோஃபர் மருத்துவமனை 1953இல் திறக்கப்பட்டது.

4. கலைச்சொல்லாக்கம்

உஸ்மானியாப் பல்கலைக்கழகம் (1918) உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கெனத் 'தாருத் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் 1917இல் ஏற்பட்டது. 1948இல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் ஆங்கிலம் அவ்விடத்தைப் பெற்றது. தமிழிலும் இத்தகைய முயற்சி முன்பே நிகழ்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1857இல் வந்த 'பிரசவ வைத்தியம்' அவற்றுள் ஒன்று. இரு முயற்சிகளும் கல்விமொழி மாறியதும் தளர்ந்தன. அதனால் மருத்துவர் கற்ற சொல்லும் தாய் அறிந்த சொல்லும் வேறுவேறாயின.

5. வினைமுதல் யார்?

இப்பிளவு தொடரமைப்பிலும் வெளிப்படுகிறது. 'அவள் பிள்ளை பெற்றாள்' என்னும் தமிழ்த்தொடரில் தாயே எழுவாய். 'அவளுக்கு டெலிவரி ஆயிற்று' என்பதில் அவள் நான்காம் வேற்றுமை ஏற்கிறாள். தெலுங்கிலும் இவ்வாறே 'கன்னதி' என்பதற்குத் தாய் எழுவாயாக, 'டெலிவரி அயிந்தி' என்பதில் அவள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். 'பிரசவம் ஆயிற்று', 'கான்பு அயிந்தி' என்னும் வழக்குகளும் உள்ளமையால் இவ்வமைப்பிற்குக் கடன்சொல்லை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. ஆனால் 'சிசேரியன் செய்தார்கள்' என்னும் தொடரில் எழுவாய் முற்றிலும் பிறராகிவிடுகிறது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தெலங்கானாவில் 97 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்தன, 60.7 விழுக்காடு அறுவை வழியானவை. தமிழ்நாட்டில் அது 44.9, இந்தியா முழுமைக்கும் 21.5 விழுக்காடு. பேற்றிடம் பற்றிய வினா பெருமளவு தீர்ந்தபின், பேற்றுமுறையை யார் முடிவுசெய்வது என்னும் வினா எழுந்துள்ளது. 1948இல் தொடங்கிய ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011இல் பேறுகாலச் செவிலியர்க்குத் தொழில்முறைப் பயிற்சி தொடங்கியதும், 2017இல் தெலங்கானா அரசு அவ்வழியை மேற்கொண்டதும் இவ்வினாவிற்கான விடைதேடல்களாகும்.

இப்பயிற்சி பெற்றோர் 'மிட்வைஃப்' என்றே சுட்டப்படுகின்றனர். 'மருத்துவச்சி', 'மந்த்ரசானி', 'தாயி' ஆகியன முறைசார் கல்வி பெறாதவரை நினைவூட்டுவதால் தவிர்க்கப்படுகின்றன. ஆயினும் புதுச்சொல் தாய்க்கு விளங்காது. பழஞ்சொல்லோ தகுதியை மறைக்கும். 'பயிற்சி பெற்ற மருத்துவச்சி' என அடைகொடுத்து மீட்பது ஒரு வழியாகும்.

6. முடிவுரை

இல்லத்திலிருந்து மருத்துவமனைக்கு மகப்பேறு பெயர்ந்ததில் பல உயிர்கள் காக்கப்பட்டன. அப்பெயர்ச்சியில் தாய் அறிந்த சொற்கள் பின்தங்கின. ஒப்புதற் படிவம், பேறுகாலக் குறிப்பேடு முதலியவற்றை மொழிபெயர்ப்போர் கலைச்சொல்லின் செம்மையை மட்டுமன்றி, வாக்கியத்தில் தாய் நிற்கும் இடத்தையும் நோக்கவேண்டும். தனக்குச் செய்யப்படவிருப்பதைத் தன் மொழியில் அறியாதவளின் கையொப்பம் ஒப்புதல் ஆகாது.