மேற்றிராணியார் வந்த வழி

கோயில் விழா மலர்களில் ‘மேற்றிராணியார்’ என்பதற்குச் சொற்பிறப்பு எழுதும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. மேல் + திராணி + ஆர். மேலான வலிமை உடையவர். ஆகவே தூய தமிழ் என்று முடித்துவிடுகிறார்கள். லகரத்தோடு தகரம் புணர்ந்தால் றகரம் இரட்டிக்கும் என்பதைப் பள்ளிப்பிள்ளையும் சொல்லும். புணர்ச்சி பொருந்திவிட்டால் பிறப்பும் பொருந்திவிடுமா?

இவர்களை ஒன்று கேட்கிறேன். ‘மேற்றிராசனம்’ எப்படிப் பிரியும்? அங்கே திராணி இல்லை. உடனே, மேல் + திரு + ஆசனம் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிரிப்பு, அவர் ஆளும் பரப்புக்கு வேறொரு பிரிப்பு! மலையாளத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஆள் மெத்ரான், அவர் இருக்கை மெத்ராசனம். மெத்ரான் சுரியானிச் சொல். அதற்கும் மூலம் கிரேக்க ‘மெத்ரொபொலித்தேஸ்’. தாய்நகரத்துக்கு உரியவர், அதாவது தலைநகர் ஆயர். சேரநாட்டுத் தோமா கிறித்தவருக்கு 16ஆம் நூற்றாண்டு முடிய ஆயர்கள் மெசொப்பொத்தாமியாவிலிருந்து வந்தார்கள். வழிபாடு சுரியானியில் நடந்தது. அவர்கள் ஆயரை வேறெப்படி அழைத்திருப்பார்கள்?

அச்சொல் தமிழுக்கு வந்ததில்தான் சுவை. போர்த்துக்கேயர் ஆயரை ‘பிஸ்போ’ என்றார்கள். பாதிரி, குருசு, பாஸ்கு எல்லாம் அவர்கள் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்தவையே. முத்துக்குளித்துறையும் அவர்களது கொச்சி மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. பிஸ்போ மட்டும் ஏன் நிலைக்கவில்லை?

விடை கடற்கரையில் இல்லை, மதுரையில் இருக்கிறது. 1599 உதயம்பேரூர்ச் சங்கத்துக்குப் பின் தோமா கிறித்தவருக்கு ஆயராக வந்தவர் பிரான்சிஸ்கு ரோஸ் என்னும் சேசு சபையார். சுரியானியும் மலையாளமும் கற்றவர். பின்னர்க் கொடுங்கல்லூர்ப் பேராயரானார். 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலிக்குத் திருச்சபை மேலதிகாரி இவர்தான். நொபிலி பூணூலும் காவியும் அணிந்தது வழக்காகி, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளிக்கும்வரை இழுத்தபோது, நொபிலியின் பக்கம் நின்றவரும் இவரே. தம் மக்களுக்கு ரோஸ் மெத்ரான். மதுரைக் குருமார்க்கும் அவரே மெத்ரான்.

திராணிக்காரர்களுக்கு ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கலாம். மெத்ரானின் குறில் நெடிலானதும் றகரம் புகுந்ததும் ‘மேல்’ என்ற நினைப்பால் நேர்ந்தவை. ‘ராணி’ என்ற முடிவு திராணி நினைப்பால். சொல்லுக்குச் சட்டை தைத்தவர்கள் அவர்கள், பெற்றவர்கள் அல்லர். மேலும், மேலானவர் என்று முன்பே சொல்லியாகிவிட்டால் ‘அதிமேற்றிராணியார்’ எதற்கு?

‘ஆயர்’ வந்தபின் மேற்றிராணியார் ஒதுங்கிவிட்டார். ஆயர் மாடு மேய்ப்பவர்தானே, ஆடு மேய்க்கும் நல்லாயனுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டிருந்தார். முல்லைக்கலி படித்தவர் கேட்கும் கேள்வியா இது? கோவினத்தாயருக்குப் பக்கத்திலேயே புல்லினத்தாயரும் நிற்கிறார்களே! பேராயர்தான் உண்மையில் குழப்பம்: கத்தோலிக்கருக்கு அவர் ஆர்ச்பிஷப், தென்னிந்தியத் திருச்சபையாருக்கு வெறும் பிஷப். கிரேக்க ‘எபிஸ்கொபொஸ்’ என்பதை நேராகப் பெயர்த்த விவிலியத் தமிழ் ‘கண்காணி’ என்றது. அந்தச் சொல்லைத் தேயிலைத் தோட்டக் கங்காணி கெடுத்துவிட்டார். இனி எந்த ஆயரும் அதை ஏற்கமாட்டார்.

‘மறைமாவட்டம்’ தாலுக்கா கச்சேரி வாடை அடிக்கிறது என்போரும் உண்டு. அடிக்கட்டும். ஆங்கில ‘டயசிஸ்’ சொல்லுக்கு மூலமான ‘தியொய்கேசிஸ்’ கிரேக்கத்தில் நிர்வாகம். தியொக்லேசியன் காலத்து ரோமப் பேரரசில் பல மாகாணங்களைச் சேர்த்த ஆட்சிப்பிரிவு. திருச்சபை அதை அரசிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.

கொடுங்கல்லூர் மெத்ரானே மதுரை மிஷன் வழியாக வந்து மேற்றிராணியார் ஆனார். ரோசுக்கு முந்திய தமிழேடு ஒன்றில் அச்சொல்லை எவரேனும் காட்டும்வரை நான் இதை விடுவதாயில்லை.