வீழ்ந்தவர்களுக்கு வாசல் திறக்குமா?

உயிருக்குப் பயந்து தன் விசுவாசத்தை மறுதலித்த ஒருவன், ஆபத்து நீங்கியதும் அழுதுகொண்டே சபைக்குத் திரும்பி வருகிறான். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா? உடனே சேர்த்துக்கொண்டால், மறுதலிக்காமல் சிறையில் செத்தவர்களின் உறுதிக்கு என்ன மதிப்பு? சேர்க்கவே முடியாது என்றால், மூன்று முறை மறுதலித்த பேதுருவையே மன்னித்தவரின் கிருபைக்கு என்ன அர்த்தம்?

கி.பி. 250-251ல் ரோம் நகரத்துச் சபையும், வட ஆப்பிரிக்காவில் (இன்றைய துனிசியா) கார்த்தேஜ் சபையும் இந்தக் கேள்வியில் கிட்டத்தட்ட உடைந்தே போயின. கிறிஸ்தவத்தில் மனந்திரும்புதல் என்றால் என்ன என்பது பெருமளவு அந்தச் சண்டையில்தான் வடிவம் பெற்றது.

பேரரசரின் சான்றிதழ்

கி.பி. 249ல் டெசியஸ் ரோமப் பேரரசர் ஆனார். எல்லைகளில் படையெடுப்பு, உள்ளே ஆட்சிக் கவிழ்ப்பு என்று பேரரசு தள்ளாடிய காலம். தெய்வங்களின் தயவை மீண்டும் பெற்றால் நாடு நிமிரும் என்று அவர் நம்பினார். பேரரசின் குடிகள் எல்லாரும் அதிகாரிகள் முன்னிலையில் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை போட்டார். திராட்சரசம் ஊற்ற வேண்டும், பலியிட்ட இறைச்சியைச் சுவைக்க வேண்டும், அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்துள்ளன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம்: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர், இப்போதும் உங்கள் முன் பலியிட்டார். கீழே அதிகாரிகளின் கையொப்பம். ஒரு விண்ணப்பப் படிவம் போலத்தான் இருக்கும்!

ஆனால் ஒரு கிறிஸ்தவனுக்கு அந்தத் தாள் கிறிஸ்துவை மறுதலித்ததற்கான அத்தாட்சி. ரோம் நகர ஆயர் (பிஷப்) ஃபேபியன் 250 ஜனவரியில் உயிரை விட்டார். பலர் சிறை சென்றனர். ஆனால் அதைவிடப் பெரும் கூட்டம் பலிபீடத்துக்குப் போனது. கார்த்தேஜில், மாலையாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகளே திருப்பி அனுப்பும் அளவுக்குக் கூட்டம் இருந்ததாக அந்நகர ஆயர் சிப்ரியன் வேதனையோடு எழுதியிருக்கிறார்.

வீழ்ந்தவர்களிலும் வகைகள் உண்டு. சிலர் பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு சான்றிதழ்

சிப்ரியனின் நிலைமையும் சங்கடமானது. வசதியான குடும்பத்தில் பிறந்து, பேச்சுக்கலை ஆசிரியராக இருந்து, கிறிஸ்தவரான சில ஆண்டுகளிலேயே ஆயரானவர். ஆணை வந்ததும் அவர் தலைமறைவானார். மறைவிடத்திலிருந்து கடிதங்கள் மூலம் சபையை நடத்தினார். ஓடிப்போனவர் மற்றவர்களுக்கு நியாயம் சொல்வதா என்ற முணுமுணுப்பு இருக்கத்தானே செய்யும்?

இதற்கிடையே வீழ்ந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விசுவாசத்தை விடாமல் சிறையில் இருந்தவர்களுக்குச் சபையில் பெரும் மரியாதை. அவர்களிடம் போய், இவரை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 'சமாதானக் கடிதம்' வாங்கி வந்தார்கள். முதலில் ஆளுக்கு ஒன்றாக இருந்தது, பிறகு கட்டுப்பாடில்லாமல் போனது. இவரையும் இவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எண்ணிக்கை இல்லாமல் கடிதங்கள் வந்தன. இறந்துபோன இரத்தசாட்சி ஒருவரின் பெயரிலும் கொடுக்கப்பட்டன. கடிதம் கையில் இருக்கிறதே, இன்றே நற்கருணை கொடு என்று சிலர் குருமாரை மிரட்டவும் செய்தார்கள்.

விநோதத்தைப் பாருங்கள். பாவம் செய்ததற்கும் ஒரு தாள், பாவம் தீர்ந்ததற்கும் ஒரு தாள். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மனிதனின் மாற்றம் எங்கே?

சிப்ரியன் எதிர்த்தது இதைத்தான். சீழ் பிடித்த காயத்தைத் திறந்து சுத்தம் செய்யாமல் மேலே மூடிக் கட்டும் வைத்தியன் நோயாளிக்கு நல்லது செய்யவில்லை என்பது அவர் வாதம். அவசரமாகக் கொடுக்கப்படும் மன்னிப்பு, வீழ்ந்தவனிடமிருந்து மனந்திரும்பும் வாய்ப்பையே பறித்துவிடுகிறது என்றார்.

மறுபக்கம் நோவேஷியன்

ரோமில் ஓராண்டுக்கும் மேல் ஆயரே இல்லை. 251ல் கொர்னேலியஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதை ஏற்காத நோவேஷியன் போட்டி ஆயரானார். திரித்துவம் பற்றிப் புத்தகம் எழுதிய பெரிய அறிஞர் அவர். அவருடைய நிலைப்பாடு எளிமையானது: மறுதலித்தவன் சாகும்வரை அழட்டும், ஆனால் அவனைச் சேர்த்துக்கொள்ளச் சபைக்கு அதிகாரம் இல்லை. கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும்.

நோவேஷியனைக் கல்நெஞ்சக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதர் முன் தன்னை மறுதலிப்பவனைத் தானும் மறுதலிப்பதாக இயேசு சொன்னதாக மத்தேயு சுவிசேஷத்தில் இருக்கிறதே! உயிரைக் கொடுத்தவனையும் காசு கொடுத்துத் தப்பியவனையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது நியாயமா என்ற கேள்வி நேர்மையான கேள்விதான்.

நடுவழி

251ல் சிப்ரியன் கார்த்தேஜுக்குத் திரும்பி, ஆப்பிரிக்க ஆயர்களைக் கூட்டினார். சங்கத்தின் முடிவு இதுதான். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்டகாலம் தவம் செய்ய வேண்டும். ஆனால் மரணப்படுக்கையில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கப்படக் கூடாது.

இதை விளக்கி அந்தோனியானுஸ் என்ற ஆயருக்கு சிப்ரியன் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. ஆணை வந்தவுடன் தானே ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடித் தோற்றவனும் ஒன்றா? தன் வீட்டார் எல்லாரையும் பலிபீடத்துக்கு இழுத்துப் போனவனும், மனைவி மக்களைக் காப்பதற்காகத் தான் ஒருவனே போய் வீழ்ந்தவனும் ஒன்றா? எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள் என்கிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு வாதமும் உண்டு. ஒருவன் பொய்யாக அழுது சபையை ஏமாற்றினால் என்ன செய்வது? மனிதரால் முகத்தைத்தான் பார்க்க முடியும். இருதயத்தைப் பார்க்கும் கடவுள் கடைசியில் தீர்ப்பு சொல்வார், எங்கள் தீர்ப்பில் பிழை இருந்தால் திருத்துவார் என்கிறார் சிப்ரியன்.

இந்த இடம்தான் முக்கியமானது. கிருபையும் நியாயத்தீர்ப்பும் ஒன்றுக்கொன்று எதிரி, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்றுதான் இரு தரப்பும் நினைத்தன. சிப்ரியனோ, இறுதித் தீர்ப்பு கடவுளிடம் உறுதியாக இருப்பதால்தான் மனிதர்கள் இரக்கம் காட்டத் துணியலாம் என்று கண்டார். சபையின் வாசலையே கடைசி நியாயாசனம் ஆக்கத் தேவையில்லை.

பிறகு நடந்தவை

சீக்கிரத்திலேயே புதிய துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தது. மீண்டும் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள், இதுவரை தவத்தில் நிலைத்திருந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவை மாற்றினார்கள். போருக்குப் போகிறவனை ஆயுதமில்லாமல் அனுப்பலாமா என்பது அவர்கள் காட்டிய காரணம். கண்டிப்பு என்பது மனிதனைக் குணமாக்குவதற்கு என்றால், காலம் மாறும்போது அளவும் மாறத்தானே வேண்டும்?

கி.பி. 325ல் கூடிய நிசேயா சங்கமும் அதே பாதையில் போனது. கட்டாயமோ ஆபத்தோ இல்லாமலே விசுவாசத்தை விட்டவர்களுக்கு மொத்தம் 12 ஆண்டு தவம் விதித்தது. ஆனால் சாகும் தறுவாயில் இருப்பவனுக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. நோவேஷியன் வழி வந்த ஆயர் ஒருவரிடம், அப்படியானால் ஓர் ஏணியை வைத்து நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று கான்ஸ்டன்டைன் பேரரசர் கிண்டல் செய்ததாக 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் எழுதுகிறார்.

சிப்ரியன் என்ன ஆனார்? வலேரியன் பேரரசரின் காலத்தில் அவர் கைதானார். இந்த முறை ஓடவில்லை. கி.பி. 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டு இறந்தார். தன்னை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார்.

டெசியஸ் காலத்தில் தலைமறைவானதை மட்டும் வைத்து 250லேயே அவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால், அது எவ்வளவு தவறாகப் போயிருக்கும்! ஒருவனுடைய மிக மோசமான நாளோடு அவன் கணக்கை முடித்துவிடக் கூடாது. அதே சமயம் அந்த நாளே நடக்காதது போல ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடவும் கூடாது. மனந்திரும்புதல் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும், காத்திருக்க ஒரு கூட்டமும் வேண்டும்.