பட்டனை அழுத்தினா யாருக்குக் கேக்கும்?

இந்த எபிசோட் ஒரு சின்னப் பட்டனைப் பத்தினது. மாநகரப் பேருந்துலயோ கால் டாக்ஸியிலயோ போறப்ப உங்க கண்ணுல பட்டிருக்கும். ஆபத்துன்னா அழுத்தணும். நம்மள்ல பெரும்பாலானவங்க அதைத் தொட்டதில்ல. தொட வேண்டிய நேரம் வராமலே இருக்கட்டும்.

ஆனா அது அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுக்குப் பின்னாடி ஒரு நீளமான வரலாறு இருக்கு. லண்டன்ல தொடங்கி, டெல்லி வழியா, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடம் வரைக்கும் வருது. அங்கேயிருந்து நான் உங்களை அதே மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூருக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஒரு கல்வெட்டு இருக்கு. இந்தப் பட்டனைப் பத்தி நாம கேட்க வேண்டிய கேள்வி அதுல இருக்குங்கிறது என் கருத்து.

லண்டன், 1935

1935 நவம்பர் 10. லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து எரிகிறது. அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்றார். அந்தக் காலத்துல போனை எடுத்தா முதல்ல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போகும். அங்க இருக்கிற ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்கணும். எந்த அழைப்பு தீ விபத்து, எது ஊர்க்கதைன்னு அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல. இவர் வரிசையில காத்திருந்தார். அந்தத் தீயில் 5 பெண்கள் இறந்துபோனார்கள்.

அவர் டைம்ஸ் பத்திரிகைக்குக் கோபமா ஒரு கடிதம் எழுதினார். விஷயம் பெரிசாச்சு. 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் லண்டனில் அறிமுகமானது. நாம ஞாபகம் வச்சிருக்கிறது அந்த எண்ணை. ஆனா உண்மையான மாற்றம் எக்ஸ்சேஞ்சுக்கு உள்ள நடந்தது. 999 வந்தா அங்க சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். ஆபரேட்டர் மத்த வேலையை விட்டுட்டு அதைத்தான் எடுக்கணும். கூப்பிடுறவங்க கையில ஏற்கெனவே போன் இருந்தது. புதுசா வந்தது, கேக்குறதுக்கு ஒரு காது.

டெல்லி, 2012

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில், ஓடுற பஸ்ஸுக்குள்ள ஒரு இளம்பெண்ணுக்கு நடந்த கொடுமை உங்களுக்குத் தெரியும். நிர்பயான்னு நாடு அவங்களைக் கூப்பிட்டது. அடுத்த வருஷ மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயோடு நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. 2016 நவம்பர் 28 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் 125ஹெச் என்ற புது விதியைச் சேர்த்தது. பயணிகளை ஏத்திட்டுப் போற பொது வாகனங்களில், இருக்கும் இடத்தைக் காட்டுற கருவியும் அவசரப் பட்டனும் இருக்கணும்.

2018 ஏப்ரல் 1 முதல் அமல்னு சொன்னாங்க. தள்ளிப்போச்சு. கடைசியில, 2019 ஜனவரி 1 முதல் புதுசா பதிவாகும் வண்டிகளுக்குக் கட்டாயம் ஆச்சு. பழைய வண்டிகளுக்கு எப்போதிலிருந்துங்கிறதை மாநிலங்கள் முடிவு பண்ணிக்கலாம்னு விட்டுட்டாங்க.

ஒரகடம்: பெட்டிக்குப் பரீட்சை

கருவி எப்படி இருக்கணும்னு சொல்ற தரநிலைக்குப் பேரு ஏஐஎஸ்-140. புனேவில் இருக்கும் ஏஆர்ஏஐ நிறுவனம் வெளியிட்டது. வாசிச்சுப் பார்த்தா, ஒரு சந்தேகப் பிராணி உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். டிரைவர் ஒயரைப் பிடுங்கிட்டா? உள்ளேயே பேட்டரி இருக்கணும், 4 மணி நேரம் தாங்கணும், பிடுங்கின தகவலும் போகணும். சிக்னல் இல்லாத ஊர் வந்தா? வண்டி போன தடத்தை 40,000 பதிவு வரைக்கும் சேர்த்து வச்சிருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பணும். ஒரு கம்பெனி நெட்வொர்க் படுத்துட்டா? சிம் வேற கம்பெனிக்குத் தாவணும்.

இதையெல்லாம் ஒரு ஆய்வகம் சோதிச்சுச் சான்று கொடுக்கணும். மோட்டார் வாகன விதி 126 அதுக்கான ஆய்வகங்களைப் பட்டியல் போட்டு வச்சிருக்கு. அதுல ஒண்ணு நம்ம ஒரகடத்துல இருக்கிற உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம். வாகனச் சோதனைக் கூடங்களுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கின நாட்ரிப் திட்டத்தில் உருவானது. இந்த மாதிரிச் சோதனையில கருவியைச் சூட்டுல வைப்பாங்க, குளிர்ல வைப்பாங்க, மணிக்கணக்கா குலுக்குவாங்க, தூசியிலயும் தண்ணியிலயும் விடுவாங்க. பக்கத்துல இருக்கிற மத்த மின்கருவிகளோட இரைச்சல்ல குழம்பிப் போகுதான்னும் பார்ப்பாங்க. ஒரு தடவை பாஸானா முடிஞ்சதுன்னும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வர்ற கருவிகளும் அதே தரத்துல இருக்கான்னு அவ்வப்போது பார்க்கணும். எஃப்.சி. காட்டப் போறப்ப ஆர்டிஓ ஆபீஸ்லயும் கருவி வேலை செய்யுதான்னு சோதிக்கணும்.

பெட்டிக்கு இவ்வளவு பரீட்சை. பெட்டி யாருகிட்ட பேசுதோ, அந்தக் கன்ட்ரோல் ரூமுக்கு?

முதல்ல காது, அப்புறம் வாய்

இங்கே ஐரோப்பாவைப் பார்க்கணும். அங்க இதுக்கு இ-கால்னு பேரு. கார் பலமா மோதினா, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் வண்டியே 112-க்குப் போன் போடும். எங்க இருக்கு, எந்தத் திசையில போச்சு, என்ன வண்டி எல்லாம் 140 பைட்டுக்குள்ள ஒரு செய்தியாப் போகும். கூடவே குரல் இணைப்பும் திறக்கும். 2018 மார்ச் 31 முதல் புது மாடல் கார்களுக்கு இது கட்டாயம்.

ஆனா அதுக்கு முன்னாடியே இன்னொரு தேதி இருந்தது. 2017 அக்டோபர் 1. அந்தத் தேதிக்குள்ள எல்லா உறுப்பு நாடுகளும் தங்களோட 112 மையங்களை இந்த அழைப்பை வாங்கத் தயார் பண்ணிடணும்னு 2014-லயே சட்டம் போட்டாங்க. காருக்கு விதி வர்றதுக்கு 6 மாசம் முன்னாடி காது தயாரா இருக்கணும். விம்போல் தெரு கத்துக்கொடுத்த பாடம்.

நம்ம ஊர்ல வரிசை தலைகீழ். பெட்டி 2019-ல் கட்டாயம். மாநிலங்களில் கண்காணிப்பு மையங்கள் அமைக்க 463.90 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது 2020 ஜனவரியில். சென்னையில் மாநகரப் பேருந்துகளில் பட்டனும் கேமராவும் வச்சு, அதுக்கு ஒரு கட்டுப்பாட்டு மையத்தையும் சேர்த்து முதல் கட்டமா 500 பஸ்ஸோடு தொடங்கினது 2022 மே மாசம். அங்க பட்டனும் காதும் ஒண்ணா வந்தது. அது பெருநகரம்.

உத்திரமேரூர்: கல்லில் எழுதின தகுதி

இப்போ உத்திரமேரூர் போவோம். சோழர் காலத்துல உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. குடவோலைன்னதும் எல்லாரும் ஓட்டுப் போடுறதைத்தான் சொல்வாங்க. நான் அதை ஒரு சான்றிதழ் விதியா வாசிக்கிறேன். வாரியத்துல உட்காரணும்னா வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு வரம்பு இருக்கு, படிப்பு இருக்கு.

ரெண்டு விஷயம் கவனிங்க. முதல் விதி கி.பி. 919. ரெண்டே வருஷத்துல, 921-ல், அதைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்காங்க. 30 முதல் 60-ன்னு இருந்த வயசு வரம்பு 35 முதல் 70 ஆச்சு. விதி எழுதினா வேலை முடிஞ்சதுன்னு அவங்க நினைக்கல. ரெண்டாவது, முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்களுக்குத் தகுதி கிடையாது. அவங்க சொந்தக்காரங்களுக்கும் கிடையாது. நீ யாருங்கிறதோட, நீ பார்த்த வேலைக்குக் கணக்கு எங்கன்னும் அந்தக் கல் கேக்குது.

அதே கல்லு சொல்லாம விட்டதும் இருக்கு. பெண்கள் அந்தச் சபையில இல்ல. நிலமில்லாத உழைப்பாளிகளும் இல்ல. எந்த விதியைப் படிச்சாலும் யாரை வெளியே விட்டிருக்குன்னு பார்க்கணும்.

125ஹெச் யாரை விட்டிருக்கு? மூணு சக்கர வண்டிகளுக்கு அந்த விதி பொருந்தாது. இருசக்கர வண்டிக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் பொருந்தாது. உத்திரமேரூரைச் சுத்தின கிராமங்களுக்குக் கடைசி பஸ் போனப்புறம் என்ன இருக்கு? ஷேர் ஆட்டோ. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி ஊர் திரும்புற பெண்கள், கம்பெனி வண்டி மெயின் ரோட்டுல இறக்கிவிட்டா, மிச்ச தூரத்தை எதுல போவாங்க? பட்டனுக்குச் சான்று கொடுக்கிற ஆய்வகம் இருக்கிற அதே மாவட்டத்துல, வீட்டுக்குப் போற கடைசி சில கிலோமீட்டர்ல அந்தப் பட்டன் இல்ல. அங்க அவங்க கையில இருக்கிறது போனும் 112-ம்தான்.

அதனால நான் கேக்குறது கணக்கு. பட்டன் இருக்கிற வண்டிகள்ல இந்த மாசம் எத்தனை தடவை அழுத்தினாங்க? எத்தனைக்குப் பதில் போச்சு? எத்தனை நிமிஷத்துல? பஸ் ஸ்டாண்டுல ஒரு போர்டுல எழுதிப் போடலாம். கோயில் சுவத்துல வெட்டி வச்ச ஊருக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. இந்த மாதிரிக் கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்துல நீங்களும் நானும் கேக்கலாம்.

உங்க ஊர்ல யாராவது கேட்டுப் பதில் வாங்கியிருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.