தெஹிவளைக் குழாய்நீரும் யென் கடனும்

1970களின் நடுப்பகுதியில் தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை அறையில் குடியிருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமை முடித்து நள்ளிரவு தாண்டித் திரும்பும்போது, ஒழுங்கை முனையிலிருந்த பொதுக் குழாயடியில் வாளிகள் வரிசையாக நிற்கும். பகலில் குழாயில் வேகம் இராது. இரவில்தான் நீர் வரும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வி அக்காலத்தில் எனக்குத் தோன்றியதேயில்லை. கட்டணச் சீட்டு ஒன்று வந்தாலல்லவா தோன்றுவதற்கு!

கொழும்புக்குக் குழாய்நீர் வந்த கதை லபுகமவிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னர் நகரம் கிணறுகளை நம்பியே வாழ்ந்தது. 1882க்கும் 1886க்கும் இடையில் களனி கங்கையின் கிளையாறாகிய வக் ஓயாவை மறித்து, நகரிலிருந்து 25 மைலுக்கும் அப்பால் மலைக்காட்டில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. பம்பி எதுவும் இன்றிப் புவியீர்ப்பினாலேயே நீர் வார்ப்பிரும்புக் குழாய் வழியே மருதானைக்கு அருகிலுள்ள மாளிகாகந்தைக்கு வந்தது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரப் பக்கத்துக்கு எலி ஹவுஸ் நீர்த்தேக்கம் ஏற்பட்டது. அக்காலத்து இலங்கையின் பொதுக் கடன் கணக்கில் ரயில் பாதை, துறைமுக அலைதடுப்புச் சுவர் ஆகியவற்றோடு கொழும்பு நீர் வேலைகளும் இடம்பெற்றிருந்தன. கடன் இலண்டனில், ஸ்டேர்லிங் பவுணில் பெறப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அக்காலத்து இலங்கை ரூபாய் இந்திய வெள்ளி ரூபாய். 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெறுமதியாயிருந்த அந்த ரூபாய், உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தபோது தானும் வீழ்ந்து, 1890களில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் இலைநோயினால் கோப்பிப் பயிர் அழிந்தது; தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது. வருமானம் ரூபாயில், கடன் பவுணில் என்ற சிக்கல் இந்நாட்டில் நேற்றுப் பிறந்ததன்று.

சுதந்திரத்தின் பின்னர் களட்டுவாவ நீர்த்தேக்கமும், களனி கங்கைக் கரையில் அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையமும் சேர்ந்தன. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 1975 ஜனவரியில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பிறந்தது. அதன் தலைமையகம் தெஹிவளைக்குத் தெற்கே இரத்மலானையில், அதே காலி வீதியில்தான் இருக்கிறது. உலக வங்கியும் அமெரிக்க உதவி நிறுவனமும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் சபையின் வாசலுக்கு வந்தன. பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: நீருக்கு மீற்றர் பூட்டுங்கள், கட்டணம் அறவிடுங்கள். கட்டணச் சீட்டு நம் வீடுகளுக்கு வந்தது அவ்வாறே. இதைக் கொடுமை என்று அன்று சிலர் எழுதினார்கள்; நானும் எழுதியதாக நினைவு. இன்று யோசித்தால், மீற்றர் இல்லாத ஊரில் நீரை வீணாக்கியவர்கள் குழாயடி வரிசையில் நின்ற ஏழைகள் அல்லர் என்பது விளங்குகிறது.

1983க்குப் பின்னரும், குறிப்பாக 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னரும் வெள்ளவத்தையும் தெஹிவளையும் மாறிய விதம் இதை வாசிக்கும் பலருக்குத் தெரிந்ததே. ஒரு குடும்பம் இருந்த காணியில் இருபது குடும்பங்களுக்குத் தொடர்மாடி எழுந்தது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த பணம் சுவரானது. ஒவ்வொரு தொடர்மாடிக்கும் நிலத்தடித் தாங்கியும் மோட்டாரும். பக்கத்து மாடியற்ற வீட்டின் குழாயில் காற்று. கட்டடங்களுக்கு ஆற்றுமணல் வேண்டியிருந்தது. மணல் அள்ள அள்ளக் களனியின் படுகை தாழ்ந்தது. வரட்சிக் காலத்தில் கடல்நீர் அம்பத்தளை வரை ஏறிவர, ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்க நேர்ந்தது. ஆற்றிலிருந்து மணலை எடுத்து வீடு கட்டிவிட்டு, அதே ஆற்றில் மணல்மூட்டை போட்டோம்.

களனி போதாது என்ற நிலையில் களு கங்கையின் பக்கம் கண் திரும்பியது. 1997இல் ஜப்பானுடன் சுமார் 1,100 கோடி யென்னுக்குக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஹொரணைக்கு அருகே கந்தானையில் நாளொன்றுக்கு 60,000 கனமீற்றர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது. பாணந்துறை, மொறட்டுவை, இரத்மலானை, தெஹிவளையின் தென்பகுதி ஆகியவை அந்த நீரைக் குடிக்கின்றன.

இத்தகைய கைச்சாத்து வைபவங்கள் பலவற்றுக்குச் செய்தியாளனாகச் சென்றிருக்கிறேன். மறுநாள் பத்திரிகையில் 'ஜப்பான் உதவி' என்றே தலைப்பிடுவோம். கடன் என்று எழுதினால் தூதரகத்துக்கும் அமைச்சுக்கும் முகம் சுருங்கும். தலைப்பின் நீளமும் கைகொடுக்காது என்று சாட்டுச் சொல்லிக் கொள்வோம். 'உதவி'க்கும் 'கடன்' என்பதற்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றே என்பது பின்னர்தான் உறைத்தது. யென் கடன்கள் பொதுவாக முப்பது ஆண்டுகளுக்கு, குறைந்த வட்டிக்குத் தரப்படுபவை. முதற் பத்து ஆண்டுகளுக்கு முதலைத் திருப்பத் தேவையில்லை. அடிக்கல் நாட்டும் அமைச்சரும் திறந்துவைக்கும் ஜனாதிபதியும் அதற்குள் போய்விடுவார்கள்.

1997இல் 100 யென் ஏறத்தாழ 50 ரூபாய். 2022இன் பிற்பகுதியில் அதே 100 யென் 270 ரூபாய். இடையில் விலைவாசியும் உயர்ந்ததே, ஆகவே சுமை தோன்றுமளவுக்குப் பெரிதன்று எனப் பொருளியலாளர் கூறுவர். கட்டணமும் கூடவே உயர்ந்திருந்தால் அது சரியான வாதம். ஆனால் 2012க்குப் பின்னர் பத்தாண்டுகள் எந்த அரசாங்கமும் நீர்க் கட்டணத்தைத் தொடத் துணியவில்லை. சபையிடம் ரூபாய் இருந்தாலும் யென் இல்லை. அது தேயிலையிலிருந்தும் தைத்த ஆடைகளிலிருந்தும் வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்திலிருந்தும் வர வேண்டும். வெள்ளவத்தையில் மாடி வாங்கிய அந்தப் பணம், அந்த மாடியின் குழாய்க்கான கடனையும் அடைத்துக் கொண்டிருந்தது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. புதிய ஆறு, புதிய நிலையம், புதிய தாங்கி ஆகியவற்றுக்குக் கடன் கொடுக்க எல்லோரும் முன்வந்தார்கள், பெயர்ப்பலகை வைக்கலாம். நிலத்துக்கடியில் நூறாண்டு பழைய குழாய்களைத் தோண்டி மாற்றும் வேலைக்குப் பெயர்ப்பலகை எங்கே வைப்பது? கொழும்பு மாநகருக்குள் வழங்கப்பட்ட நீரில் ஏறத்தாழ பாதி, கசிவாகவும் மீற்றரில்லாத இணைப்பாகவும் கணக்கில் வராமலே போய்க்கொண்டிருந்தது. இதனைக் குறைப்பதை மையமாகக் கொண்ட பெரிய திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2012இல்தான் அங்கீகாரம் அளித்தது. அதுவும் கடனே. ஆயினும் இழந்த நீரை மீட்கும் கடன் தன்னைத் தானே அடைக்கும் வாய்ப்புள்ளது. அந்த வேலை களு கங்கைக்கு முன்னர் நடந்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்புவதை நிறுத்தியது. பத்தாண்டுகள் தொடாத கட்டணம் அவ்வாண்டு செப்டெம்பரிலும், மீண்டும் 2023 ஓகஸ்டிலும் உயர்ந்தது. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் இருப்போருக்கு அரிசியும் எரிவாயுவும் எட்டாமற்போன அதே மாதங்கள் அவை. ஜப்பானிய நிதியில் நடந்த வேலைகள் இடைநின்றன. 2024 ஜூனில் கடன் வழங்கிய நாடுகளுடன் மறுசீரமைப்பு உடன்பாடு எட்டப்பட்ட பின்னர், அநுராதபுரம் வடக்கு நீர்த் திட்டம் உட்பட ஜப்பானின் 11 திட்டங்கள் மறுபடி தொடங்கின.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இதே வழிதான் வாய்த்தது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி அங்கீகரித்த திட்டம் இரணைமடுக் குளத்து நீரை நம்பியிருந்தது. தங்கள் வயலுக்கே நீர் போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள்; அவர்களது அச்சம் நியாயமானது. ஆண்டுகள் கழிந்து, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமாக அது தாளையடியில் உருமாறி, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கிணற்றிலே உப்பும் கழிவும் கலந்த ஊருக்கு அந்த நீர் தேவை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லபுகமவிலிருந்து நீர் தானாக இறங்கி வந்தது போலன்றி, தாளையடியில் ஒவ்வொரு லீற்றருக்கும் மின்சாரம் செலவாகிறது. கடன் தவணைக்கு மேலே அந்த மின் கட்டணத்தையும் குடாநாட்டின் நீர்ச்சீட்டே சுமக்குமா, திறைசேரி சுமக்குமா என்பதை அங்குள்ள நிருபர்கள் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். நாங்கள் தெஹிவளையில் கேட்காமல் விட்ட கேள்வி அது.