70 கொண்டை ஊசி வளைவு... பிக்-அப் முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றலாமா? எது ஓகே, எது ஆபத்து?

கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்தில் இருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அது ரீல்ஸ் எடுக்கிற இடம். மிளகு, காபி, அன்னாசி, பலா என்று லோடு ஏற்றி இறங்குகிற பிக்-அப் டிரைவருக்கோ, ஸ்டியரிங்கை இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை 70 முறை ஒடிக்க வேண்டிய வேலை. அதன் முழு அடியையும் வாங்குவது வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷன்தான்.

இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வரும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. அதே நேரத்தில் சக்கரம் முழுசாகத் திரும்பியும் இருக்கிறது. சமவெளியில் பல வருஷம் உழைக்கிற பால் ஜாயிண்டும் டை ராட் எண்டும் மலையில் சீக்கிரம் தேய்வது இதனால்தான். ஓவர்லோடு என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் சிலவற்றை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ள முடியும். எல்லாவற்றையும் முடியாது. அந்தக் கோடு எங்கே என்று பார்ப்போம்.

முதலில், உங்க வண்டி எந்த வகை?

டாடா ஏஸ் மாதிரி வண்டிகளில் முன்பக்கமும் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் இணைக்கும். இசுசு டி-மேக்ஸ் மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனித்தனியாக மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், காயில் ஸ்பிரிங், பால் ஜாயிண்ட் இருக்கும். இது தெரியாமல் யூட்யூப் வீடியோ பார்த்து ஸ்பேனரைக் கையில் எடுப்பதுதான் முதல் சிக்கல். வீடியோவில் இருப்பது வேறு வண்டியாக இருக்கும்!

தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

குழியில் இறங்கும்போது 'டொக் டொக்' சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வது. இவை பொதுவான அறிகுறிகள். எந்த பாகம் என்று உறுதி செய்ய, முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, கடிகாரத்தில் 12, 6 இருக்கிற இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட், கிங் பின் மூன்றில் ஒன்று. இப்போது இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். 9, 3 இருக்கிற இடத்தில் மட்டும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் டை ராட் எண்ட்.

காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிற வண்டியில், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சேஸிஸில் கொடுத்தால் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஜாயிண்ட் இறுகி நின்று, தேய்ந்ததுகூட நல்லதாகத் தெரியும்.

பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் அப்படி நடந்தால் பக்கத்தில் இருப்பது பள்ளம்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஷாக் அப்சார்பர், டை ராட் எண்ட், பட்டையின் ஷேக்கிள் புஷ் ஆகியவற்றை அனுபவம் உள்ளவர் வீட்டில் மாற்றலாம். ஷாக்கை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

வேலையை விட முக்கியம் வண்டியைத் தூக்கி நிறுத்துவது. மலையில் சமதள வாசல் கிடைப்பதே அபூர்வம். ஆனாலும் சரிவில் இந்த வேலை கூடவே கூடாது. மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கிய பிறகு கட்டாயம் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் ஸ்டாண்டு கிடையாது, திடீரென நொறுங்கிவிடும். கழற்றிய சக்கரத்தை சேஸிஸ் அடியில் தள்ளி வையுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் உயிர் பிழைக்க இடம் இருக்கும்.

டை ராட் எண்டைக் கழற்றும் முன் அது இருக்கிற இடத்தில் பெயிண்ட் கோடு போட்டு, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணுங்கள். புதுசை அதே சுற்றில் ஏற்றினால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். ஸ்ப்ளிட் பின் புதுசாகத்தான் போட வேண்டும். துளை நேராக வரவில்லை என்றால் நட்டைக் கூடுதலாக இறுக்கி அடுத்த துளைக்குக் கொண்டு வாங்க, லூஸ் பண்ணாதீங்க.

ரப்பர் புஷ்ஷில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, புது புஷ் சில மாதத்தில் கிழியும். லேசாக மாட்டி வைத்து, நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு.

கை வைக்கக் கூடாதவை

காயில் ஸ்பிரிங். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். கம்பியால் கட்டி அமுக்குகிற நாட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். கிங் பின் வேலைக்கு பிரஸ்ஸும் ரீமரும் தேவை. கீழ் பால் ஜாயிண்டையும் ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் இதற்கெல்லாம் ஆளுக்கும் உதிரிபாகத்துக்கும் பஞ்சம் இல்லை.

அலைன்மென்ட் பார்க்க இறங்கும் முன்...

டை ராட் எண்ட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதற்கு நாமக்கல்லோ ராசிபுரமோ போவதென்றால், புது பாகத்தோடு முதல் நீண்ட ஓட்டமே மலை இறக்கமாகிவிடும்!

அதனால் வீட்டிலேயே ஒரு தோராயச் சோதனை. சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு முன் டயர்களின் பின்பக்கமும் அச்சு உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை டேப்பில் அளக்கவும். வண்டியை மெதுவாக முன்னே உருட்டி, அதே கோடுகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்கவும். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வந்தால் டை ராடைத் திருத்தாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பிறகு செம்மேடு பக்கம் சமமான ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று. பிரேக் பிடித்தும், இரண்டு பக்கம் முழுசாக ஒடித்தும் பாருங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் உரசவில்லையே? சரி என்றால் லோடு இல்லாமல், லோ கியரில் இறங்கலாம். முதல் சில வளைவுகள் தாண்டியதும் அகலமான இடத்தில் நிறுத்தி வீல் நட், டை ராட் நட், ஷாக் போல்ட் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டையின் யூ போல்ட்டைக் கழற்றியிருந்தால் புதுசு போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். புது யூ போல்ட் லோடு ஏறியதும் கொஞ்சம் தளரும்.