திருப்புளியாழ்வாரும் மரங்காக்கும் சட்டங்களும்

நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் எழுந்தருளியிருந்த ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தை ஆதிசேஷனுடைய அவதாரமாகவே ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் கொண்டாடுகிறது. இரவிலும் இலை கூம்பாமையால் 'உறங்காப்புளி' என வழங்கும் அதற்குத் 'திருப்புளியாழ்வார்' என்பது திருநாமம். ஆகவே அம்மரம் கைங்கர்யபரரான ஒரு சேதனர், கோயிலின் உடைமையன்று.

சட்டத்தின் பார்வை வேறு. கோயில் மூர்த்தியை உரிமையுடைய 'நபர்' என்று பிரிவி கவுன்சில் 1925இல் மல்லிக் குடும்ப வழக்கில் உறுதிசெய்தது. அம்மூர்த்திக்கு நிழல் செய்யும் மரமோ சொத்தாகவே நின்றது. அதிலும் ஒரு நுட்பமுண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, வெட்டுதற்குரிய நிலைமரம் அசையாச் சொத்தில் சேராது. நிலைமரத்துக்கும் வேரூன்றி வாழும் மரத்துக்கும் உள்ள வேற்றுமையை 1958இல் சாந்தாபாய் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் விளக்கினார்: விரைவில் வெட்டும் கருத்தோடு கொள்ளப்படுவது நிலைமரம், மண்ணிலிருந்து தொடர்ந்து ஊட்டம் பெற்று வாழவேண்டியது அசையாச் சொத்து. மனிதரின் கருத்தே மரத்தின் நிலையை நிர்ணயிக்கிறது என்பது இதன் தேறிய பொருள்.

மரங்களைக் காப்பதற்கென்றே எழுந்த சட்டங்களும் உண்டு. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கே உரியது. தாமிரபரணிக்கரைத் திருப்புளியையோ பட்டு நெசவூராகிய ஆரணியின் கோயில் மரங்களையோ அது தீண்டாது. மஹாராஷ்டிரம் தன் நகர்ப்புற மரச்சட்டத்தை 2021இல் திருத்தி, ஐம்பது ஆண்டு கடந்த மரங்களைப் 'பாரம்பரிய மரங்கள்' ஆக்கிற்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி பாரதத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2007இல் அறிவிக்கப்பட்டது, கர்நாடகத்துத் தேவனஹள்ளியை அடுத்த நல்லூர்ப் புளியந்தோப்பு. தமிழகத்தில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் அச்சிறப்பைப் பெற்றது. எனினும் இவ்வறிவிப்பு இடத்தை நோக்கியது, தனிமரத்தை நோக்கியதன்று.

தனிமரத்துக்கு இடந்தருவது அதே சட்டத்தின் மற்றொரு பகுதி. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதவேண்டும். ஸ்தலவ்ருக்ஷத்தின் பெயரும் இருப்பிடமும் அதைப் பற்றிய ஐதிஹ்யமும் அங்கே ஏறலாம். பதிவு மட்டுமே கோடரியைத் தடுத்துவிடாது. ஆயினும் ஒரு மரம் வாழவேண்டியது என்னும் ஊரின் கருத்துக்கு அது எழுத்துச் சான்றாகும். திருப்புளிக்கு அச்சான்றைத் திருநாமமிட்டு ஸம்ப்ரதாயம் முன்பே வழங்கிவிட்டது. பெயரின்றி நிற்கும் பிற ஸ்தலவ்ருக்ஷங்களுக்கு அதைத் தேடித்தருவது அவ்வவ்வூர் அடியார்களின் கடமை.